மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் பின் முதல் வாரங்களில் தொற்று வந்தால்: எது முதலில், எது அப்புறம்

சென்னையில் எலும்பு வார்டில் பல வருடங்கள் சிஸ்டராக இருந்தேன். முழங்கால் அல்லது இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டவர்களில் நூற்றுக்கு ஓரிருவருக்குத் தொற்று வருகிறது. யார் மீதும் தவறு இல்லாமலும் அது வரலாம். ஆனால் வந்த பிறகு அந்த மூட்டு தங்குமா, கழற்ற வேண்டியிருக்குமா என்பது முதல் சில நாட்களில் என்ன வரிசையில் என்ன செய்தோம் என்பதைப் பெரிதும் பொறுத்தது. நான் பார்த்த குடும்பங்களில் அக்கறை இல்லாதவர்கள் என்று யாரையும் சொல்ல முடியாது. வரிசைதான் மாறிப்போகும். மாத்திரை முதலில், பரிசோதனை கடைசியில் என்று போய்விடுவார்கள்.

வரிசை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கோயில் குளத்துப் படியை வைத்துச் சொல்லிவிடுகிறேன். படியில் பாசி பிடித்த புதிதில் கையால் தேய்த்தாலே போய்விடும். சில வாரம் விட்டால் சுரண்டினாலும் போகாது. உள்ளே வைத்த உலோகத்தின் மீதும் பிளாஸ்டிக்கின் மீதும் கிருமிகள் இப்படித்தான் ஒரு வழவழப்பான படலம் கட்டுகின்றன. உலோகத்துக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. ரத்தத்தில் வரும் பெரும்பாலான மருந்துகளால் அந்தப் படலத்தைச் சரியாக ஊடுருவ முடியாது. படலம் இளசாக இருக்கும்போதே கழுவி எடுத்தால் மூட்டைக் காப்பாற்ற முடியும். அதனால் இதில் நாள் கணக்கு முக்கியம்.

கீழே இருப்பது வீட்டில் இருந்து பார்த்துக்கொள்பவர்களுக்காக எழுதியது. சிகிச்சையை முடிவு செய்வது உங்கள் டாக்டர். அந்த முடிவுக்குத் தேவையானதைத் தாமதமில்லாமல் அவர் கையில் கொண்டு சேர்ப்பது உங்கள் வேலை.

1. டிஸ்சார்ஜ் அன்றே ஃபைலில் இருக்க வேண்டியவை

தொற்று வரும் என்று நினைத்து யாரும் வீட்டுக்குப் போவதில்லை. வந்த பிறகு ராத்திரி பத்து மணிக்கு இந்தக் காகிதங்களைத் தேடுபவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

முதல் காகிதம், ஆபரேஷன் குறிப்பும் அதில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்களும். உள்ளே வைத்த ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு ஸ்டிக்கர் உண்டு. கம்பெனி பெயர், அளவு, வரிசை எண் எல்லாம் அதில் இருக்கும். பின்னால் கழுவும் ஆபரேஷன் செய்ய நேர்ந்தால், நடுவில் உள்ள பிளாஸ்டிக் தகட்டை மாற்றுவார்கள். அதே கம்பெனியின் அதே ரகத் தகடு வேண்டும், வேறு எதுவும் பொருந்தாது. வேறு மருத்துவமனைக்குப் போகும்போது ஸ்டிக்கர் கையில் இல்லையென்றால், தகட்டை வரவழைப்பதிலேயே ஒரு நாளோ இரண்டு நாளோ போய்விடும். போனில் போட்டோ எடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

இரண்டாவது, கடைசியாகச் செய்த ரத்தப் பரிசோதனை, குறிப்பாக சிஆர்பி (உடலில் அழற்சியோ தொற்றோ இருந்தால் ஏறும் எண்). அதோடு ஒப்பிட்டால்தான் அடுத்த எண்ணுக்கு அர்த்தம் வரும்.

மூன்றாவது, இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியல். சர்க்கரை, பிரஷர், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை எல்லாம் அதில் இருக்கட்டும். இது எதற்கு என்பது 8ஆம் படியில் புரியும்.

நான்காவது, ஏதாவது சந்தேகம் வந்தால் எந்த எண்ணுக்குப் பேசுவது, அவசரத்துக்கு நேராக எங்கே வருவது என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஓபி நேரம் அல்லாத நேரத்துக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

2. தினமும் பார்ப்பது: எது இயல்பு, எது இல்லை

ஒரு நோட்டு போடுங்கள். காலையில் ஒரே நேரத்தில் ஐந்து விஷயங்களைக் குறித்தால் போதும்: காய்ச்சல், வலி, காயக் கட்டின் மேல் கசிவு, சிவப்பு, முழங்கால் எவ்வளவு மடங்குகிறது.

பார்ப்பது என்றால் கட்டைப் பிரித்துப் பார்ப்பது இல்லை. இப்போது பல இடங்களில் தண்ணீர் புகாத கட்டைப் போட்டு, நாள் குறித்து அப்படியே விடச் சொல்கிறார்கள். தினமும் பிரித்துப் பார்த்து மறுபடி ஒட்டுவது கிருமிக்கு வழிவிடுவதற்குச் சமம். கட்டின் மேல் தெரியும் கறை, சுற்றியுள்ள தோல், இவை போதும்.

முழங்கால் சூடாக இருப்பதைக் கண்டு பலர் பயப்படுகிறார்கள். மாற்றிய முழங்கால் சில மாதங்கள் வரைகூட மற்றதைவிடச் சூடாக இருக்கும். மாலையில் வீங்கி, காலைத் தூக்கி வைத்தால் குறையும். கெண்டைக்கால், கணுக்கால் வரை நீலமும் மஞ்சளுமாக ரத்தக்கட்டு இறங்கும். இவை எல்லாம் இயல்புதான். முதல் இரண்டு மூன்று நாள் லேசான காய்ச்சலும், கட்டின் மேல் ரத்தக் கறையும் வரலாம்.

இயல்பில்லாதவற்றில் முதலில் வைக்க வேண்டியது கசிவு. மூன்று நாள் தாண்டியும் காயம் கசிந்தால் டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும். 5 முதல் 7 நாள் தாண்டியும் நிற்காவிட்டால், திரும்பத் திறந்து பார்ப்பதா என்று அவர் முடிவு எடுக்க வேண்டிய கட்டம் அது. நிறம் தெளிவாக இருக்கிறதே, நாற்றம் இல்லையே, சீழ் இல்லையே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். உள்ளிருந்து நீர் வெளியே வரும் வழியில் வெளியிலிருக்கும் கிருமி உள்ளே போகும். நின்றுபோன கசிவு மறுபடி ஆரம்பிப்பது இன்னும் மோசம்.

அடுத்தது வலி போகும் திசை. ஆபரேஷன் வலி மெதுவாகத்தான் குறையும், ஆனால் குறைந்துகொண்டே போக வேண்டும். பத்து நாள் குறைந்துவந்த வலி பதினோராம் நாள் ஏறத் தொடங்கினால், அசையாமல் படுத்திருக்கும்போதும் விண்விண் என்று தெறித்தால், அது கவனிக்க வேண்டிய வலி. முழங்கால் மடங்குவதும் அப்படித்தான். 90 டிகிரி மடங்கியது 70க்கு வந்துவிட்டது என்றால், பிசியோ செய்பவர் சோம்பல் என்று சொன்னாலும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சிவப்பு பரவுகிறதா என்ற குழப்பம் இருந்தால், அதன் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு நேரத்தை எழுதுங்கள். சில மணி நேரத்தில் கோட்டைத் தாண்டினால் சந்தேகமே வேண்டாம். கருத்த தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. தோல் பளபளப்பாக, இறுக்கமாக, கருத்து, தொட்டால் கொதிப்பது போல இருக்கும். அதைத் தேடுங்கள்.

காய்ச்சல் இல்லை, அதனால் தொற்று இல்லை என்று நினைப்பதுதான் நான் அதிகம் பார்த்த பிழை. வயதானவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் சீழ் கட்டியிருக்கும்போதுகூடக் காய்ச்சல் வராமல் இருக்கும். காரணமே இல்லாமல் சர்க்கரை எகிறுவது சில சமயம் முதல் அறிகுறியாக இருக்கும்.

ஒரே காலின் கெண்டை மட்டும் கல்லாக வீங்கி வலித்தால் அது ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்ததாகவும் இருக்கலாம். அதையும் அன்றே பார்க்க வேண்டும். அதோடு மூச்சு வாங்கினால் 108.

3. சந்தேகம் வந்த அன்று: முதலில் செய்யக்கூடாதவை

ஆன்டிபயாடிக் தொடங்காதீர்கள். வீட்டில் மிச்சம் இருப்பது, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குவது, தெரு முனை டாக்டர் எழுதித் தருவது, எதுவும் வேண்டாம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் பெரியம்மாவுக்கு அதுதான் நடந்தது. பெரம்பூரில் இருந்தார். 15ஆம் நாள் தையல் ஓரத்தில் ஈரம். பக்கத்து கிளினிக்கில் பத்து நாளுக்கு மாத்திரை கொடுத்தார்கள். ஈரம் காய்ந்தது, வலி குறைந்தது, வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. மாத்திரை முடிந்த ஒரு வாரத்தில் முழங்கால் பந்து மாதிரி வீங்கியது. மூட்டு நீரை எடுத்து கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) வைத்தால் எந்தக் கிருமியும் வளரவில்லை. அந்த மாத்திரை கிருமியைக் கொல்லவில்லை, அது யார் என்பதை மட்டும் மறைத்துவிட்டது. எந்தக் கிருமி என்று தெரியாமல் சிகிச்சை நீண்டது. கடைசியில் மூட்டைக் கழற்றி, பல வாரம் கழித்து வேறு வைக்க வேண்டிவந்தது. அந்த மாத்திரைச் சீட்டைப் பெரியம்மா போனில் படித்துக் காட்டியபோது நானும் "சரி, சாப்பிடுங்க, பார்க்கலாம்" என்றுதான் சொன்னேன். இந்த வழிகாட்டியை எழுத அதுவும் ஒரு காரணம்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், பேச்சில் குழப்பம், மூச்சு வேகம், பிரஷர் இறங்குவது, சிறுநீர் குறைவது ஆகியவை தெரிந்தால் தொற்று ரத்தத்தில் கலந்திருக்கலாம். 108ஐக் கூப்பிடுங்கள். மருத்துவமனையில் ரத்தக் கல்ச்சர் எடுத்த கையோடு மருந்து ஏற்றுவார்கள். அப்போது உயிர்தான் முதலில், மூட்டு அப்புறம்.

மஞ்சள் பற்று, வேப்பிலைத் தண்ணீர், எண்ணெய் போட்டு உருவுதல், சுடு ஒத்தடம் எதுவும் வேண்டாம். பெரியவர்கள் அன்போடுதான் சொல்வார்கள். ஆனால் வைக்கும் பொருள் எதுவானாலும், மூடாத காயத்தில் அது கிருமியோடுதான் போகும். உருவினால் உள்ளே இருக்கும் சீழ் பரவும்.

கசியும் இடத்தில் பஞ்சுக் குச்சியால் தொட்டு எடுத்து லேபுக்குக் கொடுப்பதும் வேண்டாம். நம் தோலில் எப்போதும் இருக்கும் கிருமிகளே அதில் வளரும். அந்த ரிப்போர்ட்டை நம்பித் தரும் மருந்து, உள்ளே இருக்கும் வேறொரு கிருமிக்கு எதிராக வேலை செய்யாது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: சுத்தமான துணிக்கட்டால் மூடுங்கள், போட்டோ எடுங்கள், நடையைக் குறையுங்கள், ஃபைலை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். காலைச் சாப்பாட்டைத் தவிர்க்கலாமா என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள். அன்றே தியேட்டருக்குப் போக நேர்ந்தால் வயிறு காலியாக இருக்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்களைக் கேட்காமல் பட்டினி போட வேண்டாம்.

4. எங்கே போவது, என்ன சொல்வது

முதல் இடம், ஆபரேஷன் செய்த டாக்டர். சென்னைக்கு வந்து ஆபரேஷன் செய்துகொண்டு திண்டிவனத்துக்கோ வேலூருக்கோ சித்தூருக்கோ திரும்பியவர்கள் அலைச்சலுக்கு யோசித்து உள்ளூரில் பார்க்கத் தொடங்குவார்கள். அதில் ஒரு வாரம் போகும். உள்ளே என்ன இருக்கிறது, ஆபரேஷனின்போது என்ன சிக்கல் இருந்தது என்பது தெரிந்தவர் முதலில் பார்ப்பதே நல்லது.

அவர் கிடைக்கவில்லை என்றால், மூட்டு மாற்று ஆபரேஷன் செய்யும் வேறு பெரிய மருத்துவமனை. சென்ட்ரல் எதிரில் இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை அரசு மருத்துவமனைகளில் இரவும் அவசரப் பிரிவு உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். அந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் இந்த இரண்டாவது ஆபரேஷனுக்கு என்ன கிடைக்கும் என்று சேர்த்த அன்றே கேளுங்கள். டிஸ்சார்ஜ் நாளில் கேட்டால் தாமதம்.

வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புவது நல்லதுதான். ஆனால் போட்டோ பார்த்து "ஒன்றும் இல்லை" என்று பதில் வந்தாலும், 2ஆம் படியில் சொன்ன கசிவோ ஏறும் வலியோ இருந்தால் நேரில் காட்டுங்கள். போட்டோவில் சூடும் வலியும் தெரியாது.

போனதும் சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்: ஆபரேஷன் நடந்து எத்தனை நாள், அறிகுறி தொடங்கி எத்தனை நாள், ஆன்டிபயாடிக் ஏதாவது சாப்பிட்டாரா, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை கடைசியாக எப்போது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டிருந்தால் பயந்து மறைக்காதீர்கள். அட்டையையே காட்டுங்கள்.

5. சிஆர்பி எண்ணைப் படிப்பது

ஆபரேஷன் ஆன எல்லோருக்கும் சிஆர்பி ஏறும். இரண்டு மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் 100ஐத் தாண்டுவது சாதாரணம். அப்புறம் படிப்படியாக இறங்கி, இரண்டு வாரத்திலிருந்து ஆறு வாரத்துக்குள் பழைய நிலைக்கு வரும். அதனால் ஒற்றை எண் அதிகம் சொல்லாது. 140, 80, 30 என்று போனால் நல்லது. 140, 60, 95 என்று திரும்பினால் ஏதோ நடக்கிறது. முதல் ஆறு வாரத்துக்குள் உச்சம் கடந்த பிறகும் 100க்கு மேல் இருந்தால் டாக்டர்கள் தொற்றைத் தீவிரமாகச் சந்தேகிப்பார்கள்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. சில லேப்கள் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கிலும், சில டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கிலும் எண்ணைத் தருகின்றன. இரண்டுக்கும் பத்து மடங்கு வித்தியாசம். முதல் ரிப்போர்ட்டில் 95, வேறு லேபில் 11 என்று பார்த்து, குறைந்துவிட்டது என்று ஒரு குடும்பம் சந்தோஷப்பட்டது. இரண்டாவது டெசிலிட்டர் கணக்கு, அதாவது 110. எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அளவைப் படியுங்கள், முடிந்தவரை ஒரே லேபில் கொடுங்கள்.

அழற்சியைக் காட்டும் இன்னொரு ரத்தப் பரிசோதனையான இஎஸ்ஆர் மாதக் கணக்கில் உயர்ந்தே இருக்கும். முதல் வாரங்களில் அதை வைத்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். வெள்ளையணு எண்ணிக்கை இயல்பாக இருந்தும் மூட்டுக்குள் தொற்று இருக்கலாம். எக்ஸ்ரேயும் ஆரம்பத்தில் சரியாகவே இருக்கும்.

6. மூட்டு நீர் எடுப்பது

எல்லாவற்றிலும் முக்கியமான பரிசோதனை இதுதான். ஆன்டிபயாடிக்குக்கு முன் நடக்க வேண்டியதும் இதுதான். ஊசியால் மூட்டுக்குள்ளிருந்து நீரை எடுப்பார்கள். தியேட்டர் அளவு சுத்தம் வேண்டும். கசியும் காயத்தின் வழியாக எடுக்கக்கூடாது, நல்ல தோல் வழியாகத்தான் எடுக்க வேண்டும். வீட்டுக்கு வரும் நர்ஸோ கிளினிக்கோ செய்யும் வேலை இல்லை இது.

நீர் இரண்டு வேலைக்குப் போகும். ஒன்று அணுக்களை எண்ண. முதல் ஆறு வாரத்துக்குள் 10,000க்கு மேல் வெள்ளையணுக்கள், அதில் 90 சதவீதத்துக்கு மேல் நியூட்ரோஃபில் என்ற வகை என்றால் தொற்றின் பக்கம் எடை சாயும். பழைய மூட்டுக்கு வைத்திருக்கும் 3,000 என்ற கணக்கை இங்கே போடக்கூடாது. ஆபரேஷன் ரத்தம் இன்னும் உள்ளே இருப்பதால் எண்ணிக்கை இயல்பாகவே கூடியிருக்கும். இணையத்தில் 3,000 என்று படித்துவிட்டு அழுதுகொண்டு வந்த ஒரு மகளை இன்னும் மறக்க முடியவில்லை. அவர் அப்பாவுக்குத் தொற்று இல்லை.

இன்னொன்று கல்ச்சர். நீரின் ஒரு பகுதியை ரத்தக் கல்ச்சர் பாட்டிலில் ஊற்றினால் கிருமி வளரும் வாய்ப்பு கூடும். செய்கிறார்களா என்று மரியாதையாகக் கேட்கலாம். மெதுவாக வளரும் கிருமிகளும் உண்டு என்பதால் 14 நாள் வரை வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். 48 மணி நேரத்தில் வரும் "வளர்ச்சி இல்லை" என்பது இடைக்கால ரிப்போர்ட். அதை வைத்து வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். உடனே செய்யும் கிராம் சாயப் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்பதும் தொற்று இல்லை என்பதற்குச் சாட்சி இல்லை.

சில இடங்களில் மாதிரியை நம் கையில் கொடுத்து வெளி லேபுக்கு எடுத்துப் போகச் சொல்வார்கள். அப்படியானால் நேராகப் போங்கள். வழியில் சாப்பிட நிற்பது, ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுக் காலையில் கொடுப்பது இரண்டாலும் கிருமி செத்துப்போகலாம். குழாயில் பெயரும், எந்த மூட்டு என்பதும், எடுத்த நேரமும் இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள்.

காயம் வெளிப்படையாகச் சீழ் வடித்தால் டாக்டர் இந்தப் படியைத் தாண்டி நேராகத் தியேட்டருக்குப் போய் அங்கேயே மாதிரிகளை எடுக்கலாம். அது சரியான முடிவுதான்.

7. கழுவும் ஆபரேஷன்

"மறுபடியுமா?" என்பதுதான் எல்லோர் வாயிலும் முதலில் வரும். ஊசி மருந்திலேயே பார்க்கலாமே என்று கெஞ்சுவார்கள். தொற்று தோலுக்குக் கீழே மேலோட்டமாக, ஒரு தையல் முனையோடு நிற்கிறது என்று டாக்டர் உறுதிசெய்தால் அப்படிப் பார்க்கலாம். மூட்டுக்குள் போய்விட்டால் வெறும் மருந்து போதாது. படலம் அங்கேயே இருக்கும்.

இந்த ஆபரேஷனில் பழைய காயத்தைத் திறந்து, கெட்ட சதையை வெட்டி எடுத்து, லிட்டர் கணக்கில் சலைன் விட்டுக் கழுவுவார்கள். முழங்காலில் பிளாஸ்டிக் தகட்டையும் இடுப்பில் பந்தையும் மாற்றுவார்கள். எலும்பில் பதிந்த உலோகம் மட்டும் அப்படியே இருக்கும். தகட்டை எடுத்தால்தான் அதன் அடியிலும் பின்பக்கத்திலும் கை எட்டும். அதனால் துளை போட்டுக் கழுவும் முறை இதற்குப் பொருந்தாது. கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: திறந்து செய்கிறீர்களா, தகடு வந்துவிட்டதா, எத்தனை இடத்திலிருந்து மாதிரி எடுப்பீர்கள். வெவ்வேறு இடத்திலிருந்து ஐந்தாறு சதைத்துண்டு எடுத்து, இரண்டிலாவது ஒரே கிருமி வளர்ந்தால் அதுதான் என்று நம்பலாம்.

மூட்டை வைத்துக்கொண்டே கழுவுவதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. அறிகுறி தொடங்கி மூன்று வாரத்துக்குள் இருக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. உலோகம் எலும்பில் ஆடாமல் உறுதியாக நிற்க வேண்டும். மேலே மூடத் தோல் நன்றாக இருக்க வேண்டும். கிருமி மருந்துக்குக் கட்டுப்படுவதாக இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் எல்லாவற்றையும் கழற்றுவது நல்லது என்று டாக்டர் சொல்லலாம். அது அவர் கைவிட்டுவிட்டார் என்று அர்த்தம் இல்லை.

இது எல்லோருக்கும் பலிப்பதில்லை என்பதையும் மனதில் வையுங்கள். சிலருக்கு இரண்டாம் முறை கழுவ வேண்டிவரும். சிலருக்குப் பின்னால் கழற்ற வேண்டிவரும். இதை முன்பே நோயாளியிடமும் சொல்லிவிடுங்கள். அப்பாவிடம் மறைத்து வைத்து, பின்னால் திடீரென்று சொல்லும் வீடுகளில்தான் அவர்கள் பிசியோவையே நிறுத்திப் படுத்துவிடுகிறார்கள்.

8. மருந்து: எவ்வளவு நாள், எதில் கவனம்

மாதிரிகள் எடுத்த பிறகு பல கிருமிகளுக்கும் பொதுவான ஊசி மருந்து தொடங்கும். கல்ச்சர் வந்ததும் அந்தக் கிருமிக்கென்று மாற்றுவார்கள். மருந்தை மாற்றுவதைப் பார்த்து முதல் மருந்து தப்பு என்று நினைக்க வேண்டாம். நல்ல கையில் இது இப்படித்தான் நடக்கும்.

மொத்தம் எவ்வளவு நாள்? 2021இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில் 6 வாரத்தையும் 12 வாரத்தையும் ஒப்பிட்டார்கள். 6 வாரம் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 18 பேருக்குத் தொற்று தொடர்ந்தது. 12 வாரக்காரர்களில் நூற்றுக்கு 9 பேருக்கு. 2013ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டுதல், மூட்டைக் கழற்றாமல் கழுவிய ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமியின் தொற்றுக்கு இடுப்புக்கு 3 மாதம், முழங்காலுக்கு 6 மாதம் என்றது. அதனால் உங்கள் டாக்டர் 3 மாதம் என்றாலும் அதற்கு மேல் என்றாலும் அது மிகை இல்லை.

"மாத்திரைக்கு பவர் இல்லை, ஊசியே போடுங்க" என்று கேட்பவர்கள் உண்டு. கிருமிக்கு ஏற்ற மாத்திரை இருந்தால், முதல் கட்டத்துக்குப் பிறகு அதற்கு மாறுவது ஊசிக்குக் குறைந்ததில்லை என்று 2019இல் வெளியான பெரிய பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. ஊசிக்காகக் கையில் வாரக்கணக்கில் குழாய் வைத்திருப்பதும் ஒரு தொற்றுக்கு வழிதான்.

ரிஃபாம்பிசின் எழுதினால் கொஞ்சம் நின்று கவனியுங்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் படலத்துக்குள் நன்றாக வேலை செய்யும் மருந்து அது. நம் ஊரில் அது டிபி மாத்திரை என்று எல்லோருக்கும் தெரியும். மெடிக்கல் ஷாப்பில் "யாருக்கு டிபி?" என்று கேட்டதும் வீட்டில் பீதி கிளம்பி, மாத்திரையை நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். டிபி இல்லை, படலத்துக்காகத் தருவது. சிறுநீர், கண்ணீர், வியர்வை ஆரஞ்சாக மாறும், பயம் வேண்டாம். வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும். தனியாக ஒருபோதும் சாப்பிடக்கூடாது. கூட எழுதிய மாத்திரை தீர்ந்துவிட்டது, இதை மட்டும் தொடர்வோம் என்றால் சில நாளிலேயே கிருமி இதற்குப் பழகிவிடும். இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள். காயம் காய்ந்த பிறகுதான் டாக்டர் இதைத் தொடங்குவார் என்பதால் முதல் நாளே ஏன் தரவில்லை என்று கேட்க வேண்டாம்.

இது மற்ற மாத்திரைகளின் வேகத்தைக் குறைக்கும். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின், ரிவரோக்சாபன், அபிக்சாபன், பல சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் எல்லாம் பாதிக்கப்படும். 1ஆம் படியில் சொன்ன பட்டியல் இதற்குத்தான். ரிஃபாம்பிசின் நின்ற பிறகு அவற்றின் வேகம் மறுபடி கூடும் என்பதால் அப்போதும் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

லினிசோலிட் என்ற ஆன்டிபயாடிக் இரண்டு வாரத்தைத் தாண்டினால் ரத்த அணுக்கள் குறையலாம். வாரம் ஒரு முறை ரத்தம் பார்க்க வேண்டும். நீண்ட நாள் போனால் பார்வையும் கால் உணர்ச்சியும் மங்கலாம். மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்பே சொல்ல வேண்டும். லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கை இரும்புச்சத்து, ஆன்டாசிட் போன்ற அல்சர் மருந்து ஆகியவற்றோடு சேர்த்துச் சாப்பிட்டால் உடலில் சரியாகச் சேராது, இடைவெளி விடுங்கள். குதிகாலுக்குப் பின்னால் உள்ள தசைநாணில் வலி வந்தால் அன்றே சொல்லுங்கள். வான்கோமைசின் ஊசிக்கு சிறுநீரகப் பரிசோதனை விடாமல் நடக்க வேண்டும்.

9. வீட்டில் அந்த மூன்று மாதம்

மாத்திரை அட்டவணை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டப்பட வேண்டும். சாப்பிட்ட பிறகு டிக் செய்வது நோயாளி, சரிபார்ப்பது இன்னொருவர். ஒரு மாதத்தில் உடம்பு நன்றாகிவிடும். அப்போதுதான் நிறுத்துவார்கள். வலி போனதற்கும் படலம் போனதற்கும் சம்பந்தம் இல்லை.

டாக்டர் சொல்லும் இடைவெளியில் சிஆர்பி, அணுக்கள், கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கானது), கல்லீரல் பரிசோதனை. கழுவிய பிறகு சிஆர்பி மறுபடி ஏறித்தான் இறங்கும், 5ஆம் படியில் சொன்னதே இதற்கும்.

சாப்பாட்டில் ஒரு விஷயத்துக்காக நான் வீட்டுப் பெரியவர்களோடு வாதாடுவேன். பருப்பு சாப்பிட்டால் சீழ் பிடிக்கும், முட்டையும் மீனும் ஆகாது என்று ரசம் சாதத்திலேயே நிறுத்துவார்கள். காயம் ஆறப் புரதம் வேண்டும். பருப்பு, முட்டை, மீன், கொண்டைக்கடலை எல்லாம் கொடுங்கள். சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் மட்டும் அளவை டாக்டரிடம் கேளுங்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது ஆன்டிபயாடிக்குக்குச் சமமான மருந்து. புகை பிடிப்பவர் நிறுத்தட்டும்.

ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல் தண்ணீராக வயிற்றுப்போக்கு வந்தால் கடையில் நிறுத்தும் மாத்திரை வாங்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆன்டிபயாடிக்கால் வரும் குடல் தொற்றாக இருக்கலாம். அதைக் கட்டி நிறுத்தினால் ஆபத்து.

பிசியோவை டாக்டர் அனுமதித்த அன்றே தொடங்குங்கள். பயந்து கட்டிலிலேயே வைத்தால் தொற்று போன பிறகும் கால் மடங்காது.

10. மருந்து நின்ற பிறகு

தொற்று திரும்பினால் பெரும்பாலும் மருந்து நின்ற அடுத்த சில மாதங்களில்தான் தெரியும். நோட்டை மூடிவிடாதீர்கள். வாரம் ஒரு முறை அதே ஐந்து விஷயங்களைக் குறியுங்கள். வலியோ வீக்கமோ திரும்பினால் 3ஆம் படிக்கே போங்கள். பழைய மாத்திரை அலமாரியில் இருக்கிறது என்று மறுபடி தொடங்காதீர்கள். மீந்த மாத்திரையை வீட்டில் வைக்காமல் இருப்பதே நல்லது.

பாத வெடிப்பு, நகச்சுற்று, சொத்தைப் பல், சிறுநீர் எரிச்சல் எதையும் தள்ளிப்போடாமல் பாருங்கள். அங்கிருக்கும் கிருமி ரத்தத்தின் வழியாக மூட்டுக்கு வர முடியும்.

மற்ற முழங்காலுக்கும் ஆபரேஷன் வேண்டும் என்றால், நாள் குறிக்கும் முன் இந்த ஃபைல் முழுவதையும், எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது கட்டுப்பட்டது என்ற கல்ச்சர் ரிப்போர்ட்டை மேலே வைத்து, புது டாக்டரின் மேசையில் வையுங்கள்.